படம் நின்றாலும் பேசு

பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் கடுகு. ஆளும் சிறிசு, சட்டி காய்வதற்கு முன்பே வெடித்துவிடுவேன் என்று அதற்கு விளக்கமாம். என் காதுபட யாரும் சொன்னதில்லை. ஸ்மார்ட் போர்டும் ஆளுக்கொரு டேப்லெட்டும் வந்த புதிதில் ஒருநாள், "இன்றைய பாடத்தில் என்ன புரியவில்லை?" என்று பலகையில் கேள்வி போட்டேன். அவரவர் டேப்பில் பதில் எழுதினால் அது பலகையில் ஓடும், பேர் வராது. முதல் பதிலே, 'கடுகு இன்னைக்கு ஏன் லீவு போடலைன்னுதான் புரியல' என்று வந்தது. பேர் பலகையில்தான் வராது, என் கையிலிருக்கும் டேப்பில் பளிச்சென்று வரும் என்பதை அந்த மகராசனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பள்ளியின் கடைசி வகுப்பான பிளஸ் டூவுக்கு நான் இயற்பியல் எடுக்கிறேன். எங்கள் தலைமையாசிரியர் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தவர், கல்லூரிகளில் இப்போது எல்லாமே திரையில்தான் நடக்கிறது, நம் பிள்ளைகள் அங்கே போய் முழிக்கக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்று இந்த டேப்புகளை வாங்க வைத்தார். "இந்தக் காலத்துப் பிள்ளைங்க பொறக்கும்போதே போனோட பொறந்ததுங்க டீச்சர். நீங்க சொல்லித் தரவே வேணாம்" என்றார். நானும் நம்பினேன்.

நம்பி மோசம் போனேன். கட்டைவிரலால் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரம் வித்தை காட்டுகிற கூட்டம் அது. ஆனால் ஒரு மெயிலோடு ஒரு கோப்பை இணைத்து அனுப்பச் சொன்னால் பேந்தப் பேந்த விழிக்கிறது. எனக்கு வந்த முதல் மெயிலில் 'ஹாய்' என்று மட்டும் இருந்தது. யார், எதற்கு, ஒன்றும் கிடையாது. செய்முறைக் கணக்கை அனுப்பச் சொன்னதற்கு ஒருத்தன் தன் முழங்காலைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். கேட்டால், "தெரியாம அமுக்கிட்டேன் மிஸ்." இவர்களைக் கல்லூரிக்கு அனுப்பினால் நம் மானம் கப்பலேறிவிடும்.

அதனால் கடைசி வகுப்பையே கல்லூரிபோல நடத்தினேன். பாடத்தைப் பதிவு செய்து ஏற்றிவிடுவேன், வீட்டில் பார்த்துவிட்டு வரவேண்டும், வகுப்பில் கேள்விதான். கணக்கு அனுப்பும் நேரம் முடிந்தால் கதவு தானாக மூடிக்கொள்ளும். அழுதாலும் திறக்காது, ஏனென்றால் திறக்க எனக்கே தெரியாது. முதலில் ஊரே என்னைத் திட்டியது. அரை வருடத்தில் வழிக்கு வந்தார்கள். மெயிலில் வணக்கம் வந்தது, அடியில் பேர் வந்தது, முழங்கால் வருவது நின்றது.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் நான் மியூட்டைக் கண்டுபிடித்தேன்.

மியூட் என்பது வகுப்பு அவளுக்கு வைத்த பெயர். கடைசி பெஞ்சு, ஜன்னல் ஓரம். வருகை எடுக்கும்போது கையை மட்டும் தூக்குவாள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பாள், நான் பொறுமையிழந்து அடுத்தவளிடம் போகும்வரை. வருடக்கணக்காக அவளை மக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம், நான் உட்பட. ஒருநாள் பலகையில் ஒரு கேள்வி போட்டேன். ஓடுகிற பஸ்ஸுக்குள் ஹீலியம் பலூன் ஒன்று நூலில் கட்டி மிதக்கிறது, டிரைவர் சடாரென்று பிரேக் போட்டால் பலூன் எந்தப் பக்கம் சாயும்? முன்பக்கம், முன்பக்கம், முன்பக்கம் என்று பலகை நிறைந்தது. நடுவில் ஒரே ஒரு பதில்: 'பின்பக்கம். பஸ்ஸுக்குள்ள இருக்கற காத்து முன்னால போய் நெருக்கும். பலூன் காத்தை விட லேசு, அதனால பின்னால தள்ளப்படும்.'

என் டேப்பில் பேரைப் பார்த்தேன். நம்பிக்கை வராமல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அன்றைக்குப் பிறகு அவள் எழுதுவதை ஒவ்வொன்றாகக் கவனித்தேன். வாய் திறக்காத பெண், திரையில் என்னோடு மல்லுக்கு நின்றாள். 'மிஸ் நீங்க போட்ட படத்துல அம்புக்குறி தலைகீழா இருக்கு' என்று ஒருநாள் எழுதினாள். இருந்தது.

எங்களைப் போன்ற பள்ளிகளிலிருந்து வருடத்துக்குச் சில பிள்ளைகளை எடுத்து, படிப்பும் விடுதியும் இலவசமாகத் தருகிற கல்லூரி ஒன்று உண்டு. எழுத்துத் தேர்வில் மியூட் ஊதித் தள்ளிவிட்டாள். மிச்சமிருந்தது வீடியோ வழியாக நேர்காணல். அதாவது பேசவேண்டும்.

அவள் அம்மா நூல் ஆலையில் வேலை பார்க்கிறவர். ஷிஃப்ட் முடிந்து நேரே பள்ளிக்கு வந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"அந்த காலேஜ் கெடச்சா படிக்கட்டும் மிஸ். கெடைக்கலன்னா எங்க அண்ணன் மருந்துக் கடை வச்சிருக்கான், பில்லு போட ஆள் வேணுங்கறான். அங்க உக்காந்துடுவா. வேற காலேஜுக்கு அனுப்ப என்னால ஆகாது. அவகிட்டயும் சொல்லிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"அவ என்னைக்கு என்ன சொல்லியிருக்கா?" என்றார் அம்மா. அதில் கோபம் இல்லை.

நல்ல கடைதான், நல்ல மாமாதான். ஆனால் அந்தப் பெண் அங்கே உட்கார்ந்து மாத்திரை அட்டை எண்ணுவதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அந்தக் கல்லூரிக்குப் போயே தீரவேண்டும். என் சொந்த மகனுக்குக்கூட நான் இவ்வளவு அடித்துக்கொள்ளவில்லை.

ஒத்திகை ஆரம்பித்தேன். அவள் கம்ப்யூட்டர் அறையில் டேப்போடு, நான் ஆசிரியர் அறையில் என் டேப்போடு. எங்கள் பள்ளி நெட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஆபீஸில் யாராவது தும்மினால் போதும், படம் அப்படியே நின்றுவிடும். அதனால் வேறு கல்லூரி நேர்காணல்களுக்கு ஒத்திகை பார்க்க வந்த பிள்ளைகளுக்கும் இவளுக்கும் ஒரே மந்திரத்தைத்தான் ஓதியிருந்தேன்: படம் நின்றாலும் நீ நிற்காதே, பேசிக்கொண்டே இரு, அவர்களாக நிறுத்தச் சொல்லும்வரை விடாதே. மற்ற பிள்ளைகளுக்கு அது பலித்தது. மியூட்டுக்குப் படம் நிற்பதா பிரச்சினை? என் முகம் திரையில் வந்ததுமே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் நான் சிரித்த முகமாக இருக்கப் பார்த்தேன். அவள் இன்னும் பயந்தாள்.

தலைமையாசிரியரிடம் புலம்பினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். உங்க மூஞ்சிய அவ்ளோ பக்கத்துல பாத்தா எனக்கே பேச்சு வராது" என்றார்.

சரி என்று அவரையே உட்காரவைத்துப் பார்த்தேன். கம்ப்யூட்டர் வாத்தியாரை உட்காரவைத்தேன். இவர் எப்போதும் கழுத்தில் ஏதாவது ஒரு ஒயரை மாலையாகப் போட்டிருப்பதால் ஒயர் சார். யார் முகமானாலும் அதே கதைதான். உதடு அசையும், சத்தம் வராது. ஒத்திகை முடிந்ததும் எனக்கு எழுதி அனுப்புவாள்: 'பதில் தெரியும் மிஸ். அவங்க பாக்கறாங்களா, அப்ப எல்லாம் உள்ள போயிடுது.'

நேர்காணல் நாள் வந்தது. கல்லூரியின் விதி கறாரானது. அறையில் மாணவி மட்டும் இருக்கவேண்டும், கதவு சாத்தியிருக்கவேண்டும், காதில் இயர்போன் போட்டிருக்கவேண்டும். நடுவில் யார் உள்ளே வந்தாலும் நேர்காணல் ரத்து, மறுவாய்ப்பு கிடையாது.

ஒயர் சார் காலையிலேயே மார்தட்டிக்கொண்டு வந்தார். "எல்லா கிளாஸ் டேப்பையும் வாங்கி ஆபீஸ் அலமாரில பூட்டிட்டேன் மிஸ். ஒரு பய நெட்டைத் தொட முடியாது. இன்னைக்கு மொத்த லைனும் நம்ம பொண்ணுக்குத்தான்."

அவர் முதுகில் தட்டிக்கொடுக்கலாமா என்றிருந்தது எனக்கு.

மியூட் உள்ளே போனாள். கதவைச் சாத்தினோம். அறைக்கு வராந்தாப் பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. கீழ்ப்பாதிக்குப் பெயிண்ட் அடித்திருக்கும், மேல்பாதி கண்ணாடி. என் உயரத்துக்கு எம்பினால்தான் உள்ளே தெரியும். எம்பினேன். அவள் முதுகு தெரிந்தது, தோளுக்கு மேலே டேப்பின் திரையும் தெரிந்தது. மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பேராசிரியை. அவர் ஏதோ கேட்டார். மியூட்டின் தலை குனிந்தது. போச்சு, தரையைப் பார்க்கிறாள் என்று எனக்கு உயிரே போய்விட்டது. கால் வலித்து இறங்கினேன்.

மறுபடி எம்பியபோது படம் நின்றிருந்தது.

சந்தேகமே இல்லை. நடுவிலிருந்த பேராசிரியை கண்ணைப் பாதி மூடி, வாயைப் பாதி திறந்து, தும்மப்போகிறவர் மாதிரி அப்படியே இருந்தார். பக்கத்திலிருந்தவர் காதைச் சொறிய எடுத்த கை அந்தரத்தில் நின்றது. இறங்கி, ஏறி, மறுபடி பார்த்தேன். அதே பாதித் தும்மல்.

மியூட் பேசிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தலை நிமிர்ந்திருந்தது, தோள் அசைந்தது, கை காற்றில் ஏதோ வட்டம் போட்டது. அவள் அப்படிப் பேசி நான் பார்த்ததேயில்லை. யாரிடம் பேசுகிறாள்? லைன் அறுந்துவிட்டது, செத்த படத்திடம் பேசிக்கொண்டிருக்கிறாள். ஏன்? நான் சொல்லிக்கொடுத்தேன். நிற்காதே, விடாதே என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல நான்தான் சொன்னேன். வெளியே போய்த் திரும்பச் சேர்ந்துகொள் என்று சொல்லிக்கொடுக்க இந்த மண்டைக்குத் தோன்றவில்லை. அந்தப் பக்கம் மூன்று பேரும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மாணவி பாதியில் போய்விட்டாள் என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள்.

ஒயர் சார் ஆபீஸுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"மிஸ், ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே தொறக்க மாட்டேங்குது. அலமாரியத் தொறந்து பாத்தேன். எல்லா டேப்லயும் லைட்டு மினுக்குது."

"அதைத்தான் நீங்க பூட்டி வச்சிட்டீங்களே."

"பூட்டினேன் மிஸ். அது சார்ஜர் அலமாரி. சார்ஜ்ல போட்டா, புதுசா ஏத்தின பாடம் எந்தக் கிளாஸோடதானாலும் தானா இறக்கிக்கற மாதிரி நாமதானே செட் பண்ணி வச்சோம், பசங்க வீட்டு நெட்டு செலவாகக் கூடாதுன்னு." அவர் எச்சில் விழுங்கினார். "நேத்து நீங்க ஏத்தின பாடம். மொத்தப் பள்ளிக்கூடமும் ஒரே நேரத்துல உங்க பாடத்தை இறக்கிட்டிருக்கு."

நேற்று நான் அலைகளைப் பற்றி ஆற அமர, இரண்டு வகுப்பு நீளத்துக்குப் பேசி ஏற்றியிருந்தேன். மூச்சு விடுகிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கவேண்டும் என்று உயர்ந்த தரத்தில் வேறு.

"எல்லாத்தையும் நிறுத்துங்க."

"நெட்டையே அணைச்சா இவளுக்கு ஒட்டிக்கிட்டிருக்கறதும் போயிடும். ஒவ்வொரு டேப்பாத்தான் அணைக்கணும்." சொல்லிக்கொண்டே ஓடினார். கழுத்து ஒயர் பின்னால் பறந்தது.

தலைமையாசிரியர் கதவுப் பிடியில் கை வைத்தார். "டீச்சர், ஒரு நிமிஷம் உள்ள போய், வெளிய வந்து மறுபடி சேருன்னு சொல்லிட்டு வந்துடறேன். பாவம், சும்மா பேசிட்டிருக்கு."

நான் கதவுக்குக் குறுக்கே நின்றேன். "உள்ள போனா ரத்து சார்."

"படமே நின்னு போச்சு, யாரு பாக்கப் போறாங்க?"

அது எனக்கும் தோன்றாமலில்லை. கதவைத் திறக்க ஒரு நொடி போதும். ஆனால் லைன் ஒரு நூலளவாவது ஒட்டிக்கொண்டிருந்து, அந்த நொடியில் படம் திரும்ப வந்துவிட்டால்? செத்ததென்று நினைத்து நாங்களே கொன்றதாகிவிடும். திறக்காவிட்டாலும் போனது போனதுதானே? இரண்டு பக்கமும் இடி.

"கைய எடுங்க சார். எடுக்கலன்னா நான் கத்துவேன். நான் கத்தினா உங்களுக்குத் தெரியும்."

அவருக்குத் தெரியும். கையை எடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் நான் செய்ததெல்லாம் எம்புவதும் இறங்குவதும்தான். எம்பினால் பாதித் தும்மல், இறங்கினால் பெயிண்ட். உள்ளே அந்தப் பெண் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள். ஒருமுறை சிரித்தாளோ என்றுகூட இருந்தது, தோள் அப்படிக் குலுங்கியது. பைத்தியம் பிடித்துவிட்டதா இவளுக்கு என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. மருந்துக் கடையும் பில் மெஷினும் கண்முன்னால் வந்து நின்றன.

கடைசியில் அவள் இயர்போனைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டு வந்து கதவைத் திறந்தாள்.

"படம் எப்பம்மா நின்னுச்சு?" என்றேன்.

"மொதல் கேள்வியிலயே மிஸ்."

"அப்ப இவ்ளோ நேரம் யார்கிட்ட பேசின?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "அவங்ககிட்டதான். கொரல் நல்லா கேட்டுச்சே. படம்தான் நின்னுது."

தலைமையாசிரியர் சுவரில் சாய்ந்துகொண்டார். மியூட் தரையைப் பார்த்தாள், பிறகு மெதுவாக, என்னிடம் அதுவரை வாயால் சொல்லியிராத நீளத்துக்குச் சொன்னாள்: "மொதல்ல ஒண்ணும் வரல மிஸ். அப்பறம் அவங்க மூஞ்சி அப்படியே நின்னுபோச்சு. அந்தம்மா வாயத் தொறந்துக்கிட்டு. அவங்க என்னப் பாக்கலன்னு தெரிஞ்சதும் பேச்சு வந்துருச்சு. அவங்க கேக்கக் கேக்க நானும் சொல்லிட்டே இருந்தேன்."

வராந்தா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தேன். மிச்சமிருந்த நூலளவு நெட்டையும் குரல் எடுத்துக்கொண்டு, படத்தை விட்டுவிட்டிருக்கிறது என்று ஒயர் சார் அப்புறம் விளக்கினார். அதை நான் பாதிதான் கேட்டேன்.

ஆனாலும் கவலை முழுதாகத் தீரவில்லை. பேசினாள், சரி. அவர்களுக்குப் பிடித்ததா? அன்று மாலைக்குள் சொல்லிவிடுவோம் என்றிருந்தார்கள். கடைசிப் பீரியட் நேரத்தில் தலைமையாசிரியர் என்னை ஆள்விட்டுக் கூப்பிட்டார். அவர் போன் மேசைமேல் ஸ்பீக்கரில் இருந்தது.

"நேர்காணல் அறைக்கு வெளிய நின்ன டீச்சர் நீங்களா?" என்றது ஒரு பெண் குரல். பாதித் தும்மல் பேராசிரியை.

"ஆமாங்க மேடம்."

"அறைக்குள்ள யாராவது வந்தாங்களா?"

"ஒரு ஈ கூட வரல மேடம். நான்தான் கதவுல நின்னேன். வேணும்னா தலைமையாசிரியரைக் கேளுங்க, அவரையே விடல."

"தெரியும், கதவுச் சத்தம் எதுவும் எங்களுக்குக் கேக்கல. இங்கயும் படம் நின்னு போச்சு. பொண்ணுக்குப் பின்னால ஜன்னல், அந்த ஜன்னல்ல ஒரு நெத்தியும் ரெண்டு கண்ணும். முழு நேரமும் நாங்க அதைத்தான் பாத்துட்டிருந்தோம். அந்தக் கண்ணுல இருந்த பயத்தப் பாத்து எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"பொண்ணு பிரமாதமாப் பேசினா. நாங்க நிறுத்தச் சொல்ற வரைக்கும் நிறுத்தல. எங்களுக்கும் நிறுத்த மனசு வரல. இடம் கொடுத்தாச்சு. வீட்டுக்குச் சொல்லிடுங்க."

நான் அழுதேன். கடுகு அழுவதைத் தலைமையாசிரியர் அதற்கு முன் பார்த்ததில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மியூட்டைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவள் மேசைமேலிருந்த போனைப் பார்த்தாள். பிறகு, "அம்மாவுக்குச் சொல்லணும்" என்றாள்.

அம்மா ஷிஃப்டில் இருந்தார். ஆலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், சூப்பர்வைசர் எண்ணுக்குத்தான் போட வேண்டும். போட்டோம். எடுத்தவர் அம்மாவைக் கூப்பிடப் போனார். தறிகெட்ட சத்தம் ஸ்பீக்கரில் வந்து விழுந்தது. ஆபீஸ் அறையில் சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தோம்.

"யாரு?" என்றார் அம்மா, மெஷின் சத்தத்துக்கு மேலே.

"நான்தாம்மா. எடம் கெடச்சிருச்சு."

"என்னது? ஒண்ணும் கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

"எடம் கெடச்சிருச்சும்மா."

"ஐயோ, மெஷின் ஓடுதுங்க. நல்லா சத்தமா."

மியூட் என்னைப் பார்த்தாள். வராந்தாவில் சத்தம் போட்டால் தோலை உரித்துவிடுவேன் என்று வருடம் முழுக்கச் சொல்கிறவள் நான். சரி என்று தலையை ஆட்டினேன். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"எனக்கு காலேஜ்ல எடம் கெடச்சிருச்சு."

வகுப்புகளில் பாடம் நின்றது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. மாடியிலிருந்துகூட எட்டிப் பார்த்தார்கள், யார் கத்துகிறார்கள் என்று. கடைசி பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தப் பக்கம் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அம்மாவின் குரல் வந்தது, சந்தேகத்தோடு.

"எடம் கெடச்சது சரி. நீங்க யாருங்க பேசறது? எம் பொண்ணுக்கு இவ்ளோ சத்தம் வராதுங்களே."